சி மொழியில் ஸ்ட்ரிங்கின் நீளம்: 16, 15, 8, 3. இதில் எது சரி?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "ஒரு கேரக்டர் அரேயில் 'தமிழ்' என்ற சொல்லைப் போட்டேன். மெயின் ஃபங்ஷனில் சைஸ்ஆஃப் கேட்டால் 16 வருகிறது. ஸ்டர்லென் 15 என்கிறது. அதே அரேயை வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, உள்ளே சைஸ்ஆஃப் கேட்டால் 8. கண்ணால் பார்த்து எண்ணினால் எழுத்துகள் 3 தான். எதை நம்புவது? நீளத்தைச் சரியாக அளக்க என்ன செய்ய வேண்டும்?"

நான்கும் சரியான விடைகள்தான். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை. 16 என்பது பெட்டியின் கொள்ளளவு. 15 என்பது பெட்டிக்குள் இருக்கும் சரக்கு. 8 என்பது பெட்டி எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்த சீட்டின் அளவு. 3 என்பது படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள். நீளம் தொடர்பாக நான் பார்த்த சி பிழைகளில் பெரும்பாலானவை, இந்த நான்கில் ஒன்றைக் கேட்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைக் கேட்டதால் வந்தவை. அதனால் எந்த ஃபங்ஷனை அழைப்பது என்று தேடும் முன், இந்த வரியில் எனக்கு வேண்டியது இவற்றில் எது என்று ஒருமுறை நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மெமரியில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு ஃபார் லூப் போட்டு, அந்த அரேயின் 16 பைட்டுகளையும் எண்களாக அச்சிடுங்கள். சோர்ஸ் ஃபைல், யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் வருவது இது:

224 174 164
224 174 174
224 174 191
224 174 180
224 175 141
0

மும்மூன்றாக வரி பிரித்தது நான். மெமரியில் எல்லாம் ஒரே வரிசையாகத்தான் இருக்கும். முதல் வரி 'த'. இரண்டாவது 'ம'. மூன்றாவது 'மி'யில் வரும் இகரக் குறி. நான்காவது 'ழ'. ஐந்தாவது மேலே வைக்கும் புள்ளி. கடைசியில் தனியாக நிற்கும் 0 தான் நல் பைட், அதாவது ஸ்ட்ரிங் இங்கே முடிகிறது என்ற அடையாளம். உங்கள் திரையில் 224-க்குப் பதிலாக -32 வந்தால் பதற வேண்டாம். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் சாதாரண கேரக்டர் டைப் பெரும்பாலும் குறியுள்ள எண்ணாக இருக்கும். அச்சிடும் முன் அன்சைன்ட் கேரக்டராக மாற்றிக்கொண்டால் மேலே உள்ளதே வரும்.

ஸ்டர்லென் செய்வது மிக எளிய வேலை. கொடுத்த இடத்திலிருந்து நடக்கத் தொடங்கி, மதிப்பு 0 உள்ள பைட்டைப் பார்க்கும் வரை எண்ணிக்கொண்டே போகும். அந்த 0-வை மட்டும் கணக்கில் சேர்க்காது. அதற்கு எழுத்து என்றால் என்னவென்று தெரியாது, தமிழ் ஆங்கிலம் என்ற பேதம் தெரியாது, பெட்டி எவ்வளவு பெரியது என்பதும் தெரியாது. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. 0 இல்லாத இடத்தில் அதை அழைத்தால் பெட்டியின் சுவரைத் தாண்டி, அடுத்தவர் மெமரிக்குள்ளும் எண்ணிக்கொண்டே போகும்.

நீளத்தை முன்னாலேயே எழுதிவைக்காமல் இப்படி ஒரு முடிவுக் குறியை நம்பியது ஏன் என்று பலர் கேட்பார்கள். சி-யின் மூதாதையான பிசிபிஎல் மொழியில் ஸ்ட்ரிங்கின் முதல் பைட்டிலேயே நீளம் இருந்தது. அடுத்து வந்த பி மொழியில் அதை எடுத்துவிட்டு முடிவுக் குறியை வைத்தார்கள். சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி பின்னாளில் இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறார். நீளத்தை 8 அல்லது 9 பிட்டுக்குள் அடக்கினால் ஸ்ட்ரிங்கின் அளவுக்கே வரம்பு வந்துவிடுகிறது. தவிர, எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக் குறி வசதியாக இருந்ததாக அவர்களின் அனுபவம். அன்றைய கணினிகளுக்கு அது நியாயமான முடிவு. அதன் விலையைத்தான் நாம் இன்றுவரை ஒவ்வொரு வரியிலும் கவனமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி உங்களைக் குழப்பிய அந்த 8. சைஸ்ஆஃப் ஒரு ஃபங்ஷன் அல்ல, ஆபரேட்டர். பெரும்பாலும் கம்பைல் ஆகும்போதே அதன் விடை எண்ணாக மாறிவிடும். ப்ரோக்ராம் ஓடும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று அது எட்டிப்பார்ப்பதில்லை. டைப்பை மட்டும் பார்க்கிறது. மெயினில் அந்தப் பெயர் 16 பைட் அரே. ஃபங்ஷனுக்கு அனுப்பியதும் போய்ச் சேருவது முதல் பைட்டின் முகவரி மட்டுமே. அரே பாயின்டராக, அதாவது வெறும் முகவரியாக, கரைந்துவிடுகிறது. 64 பிட் கணினியில் பாயின்டரின் அளவு 8 பைட், 32 பிட்டில் 4. ஸ்ட்ரிங்கில் ஒரு எழுத்து இருந்தாலும் ஒரு லட்சம் எழுத்து இருந்தாலும் அதே 8 தான் வரும்.

இதில் மொழியே நம்மை ஏமாற்றும் ஓரிடம் உண்டு. ஃபங்ஷனின் பாராமீட்டரில் சதுர அடைப்புக்குள் 100 என்று எழுதினாலும் அது அரே ஆகாது. கம்பைலர் அந்த 100-ஐ ஒதுக்கிவிட்டு அதைப் பாயின்டராகவே எடுத்துக்கொள்ளும். படிப்பவருக்கு 100 பைட் இருப்பதாகத் தோன்றும், சைஸ்ஆஃப் 8 என்று சொல்லும். ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களும் இதற்கு எச்சரிக்கை தருகின்றன. எச்சரிக்கைகளை அணைத்துவைத்துக்கொண்டு சி எழுதாதீர்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

இந்த 8 சில நேரம் நல்ல விடை போலவே நடிக்கும். ஒரு ஃபங்ஷனுக்குள் பஃபரைச் சுத்தம் செய்ய மெம்செட் அழைத்து, அளவுக்கு சைஸ்ஆஃப் கொடுத்திருப்பார்கள். சோதனைக்குப் போட்ட பெயர்கள் ஏழு ஆங்கில எழுத்துக்குள் இருந்தால் எல்லாம் சரியாகவே நடக்கும். பெயர் நீண்ட அன்று, பழைய பெயரின் வால் புதிய பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். காரணம் தேடி நாள்கணக்கில் அலைவார்கள். அரே ஒரு ஃபங்ஷனின் எல்லையைத் தாண்டும் இடத்தில் அதன் கொள்ளளவு தொலைந்துபோகிறது. அதைத் திரும்பக் கண்டுபிடிக்க எந்த ஃபங்ஷனும் கிடையாது. தெரிந்த இடத்திலேயே அளந்து, பாயின்டரோடு சேர்த்து இன்னொரு பாராமீட்டராக அனுப்புவது ஒன்றே வழி.

அடுத்து 15-க்கும் 16-க்கும் இடையிலுள்ள அந்த ஒரு பைட். கேட்க அற்பமாக இருக்கும். என் நாட்களில் பலவற்றைத் தின்றது அதுதான். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பெயர்ப் பட்டியலைப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும், மெமரி ஒதுக்கித் தரும் மாலாக் ஃபங்ஷனில் இடம் வாங்கி நகலெடுக்கும் ஒரு கருவி எழுதினேன். மாலாக்குக்கு ஸ்டர்லென் தந்த எண்ணை அப்படியே கொடுத்திருந்தேன், ஒன்றைக் கூட்டவில்லை. ஆங்கிலப் பெயர்களோடு வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. தமிழ்ப் பெயர்கள் வந்ததும் அவ்வப்போது விழத் தொடங்கியது. 'தமிழரசி' போட்டால் ஒன்றும் ஆகாது. 'தமிழரசன்' போட்டால் விழும். 'மணிமேகலை' போட்டாலும் விழும். அதைவிட நீளமான 'முருகேசன்' போட்டால் விழாது. நீளம் கூடினால் விழும் என்றால் புரிகிறது. கூடினால் பிழைத்துக்கொள்கிறது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. லினக்ஸில் உள்ள ஜிலிப்சி நூலகத்தின் மாலாக், 64 பிட் கணினியில் நாம் கேட்ட அளவை அப்படியே தருவதில்லை. 24, 40, 56, 72 என்று படிப்படியான அளவுகளில், கேட்டது அடங்கும் மிகச் சிறிய அளவைத் தருகிறது. 'தமிழரசி'யில் ஏழு யூனிகோடு குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. நான் 21 கேட்டேன், 24 கிடைத்தது. நல் பைட்டோடு 22 எழுதினேன், இடம் இருந்தது. 'முருகேசன்' ஒன்பது குறிகள், 27 பைட். 40 கிடைத்தது, 28 எழுதினேன். 'தமிழரசன்', 'மணிமேகலை' இரண்டும் எட்டுக் குறிகள். சரியாக 24 பைட். 24 கேட்டேன், 24 கிடைத்தது, 25 எழுதினேன். அந்த 25-ஆவது பைட் விழுந்த இடம் பக்கத்து பிளாக்கின் அளவைக் குறித்துவைக்கும் இடம். அங்கே ஒரு 0 எழுதப்பட்டது. அந்தப் பக்கத்து பிளாக்கை எப்போதோ, வேறெங்கோ ஃப்ரீ செய்து திருப்பிக் கொடுக்கும்போதுதான் ப்ரோக்ராம் விழும். தப்பு நடந்த வரிக்கும் விழுந்த வரிக்கும் தொடர்பே தெரியாது. ஆங்கிலத்தில் சரியாக 24 எழுத்துள்ள பெயர் அரிது என்பதால் என் சோதனைகள் எல்லாம் பொய்யாகத் தேறிவந்தன. மெமரி எல்லை மீறலைப் பிடிக்கும் கம்பைலர் வசதியான அட்ரஸ் சானிடைசரைப் போட்டு மீண்டும் கம்பைல் செய்து ஓட்டியதும், முதல் தமிழ்ப் பெயருக்கே வரி எண்ணோடு காட்டிக்கொடுத்தது. அன்றுமுதல் அது இல்லாமல் நான் எந்த சி கோடையும் சோதிப்பதில்லை.

இதன் உறவுக்காரப் பிழை ஒன்று உண்டு. ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று நினைவிருக்கும், ஆனால் கூட்டலை ஸ்டர்லென்னின் அடைப்புக்குறிக்கு உள்ளே போட்டுவிடுவார்கள். பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உள்ளே போட்டால் பாயின்டர் ஒரு பைட் முன்னேறி, இரண்டாவது பைட்டிலிருந்து எண்ணும். வேண்டியது நீளத்தைவிட ஒன்று அதிகம், கிடைப்பது நீளத்தைவிட ஒன்று குறைவு. இரண்டு பைட் பற்றாக்குறை. காலி ஸ்ட்ரிங்காக இருந்தால் நல் பைட்டையே தாண்டி எண்ணத் தொடங்கிவிடும். கோடைச் சரிபார்க்கும்போது இந்த அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று விரல் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

நல் பைட் இல்லாத ஸ்ட்ரிங் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஸ்டர்என்காப்பியிடமிருந்து. பெயரைப் பார்த்தால், ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்டர்காப்பியின் பாதுகாப்பான வடிவம் போலத் தோன்றும், ஆனால் அதற்காகப் பிறந்ததல்ல. பழைய யூனிக்ஸில் ஃபைல் பெயருக்கு டைரக்டரியில் 14 பைட் நிலையான இடம் இருந்தது. பெயர் சிறியதென்றால் மீதியை 0-களால் நிரப்ப வேண்டும், 14-ஐ முழுதாக நிறைத்தால் முடிவுக் குறி தேவையில்லை. அந்த மாதிரி வேலைக்கு ஏற்றபடிதான் அது நடந்துகொள்கிறது. மூல ஸ்ட்ரிங் இடத்தை நிறைத்துவிட்டால் நல் பைட் வைக்காது. அடுத்த வரியில் யாராவது ஸ்டர்லென் அழைத்தால் நடை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. இதே கதி ஐந்து பைட் அரேயில் ஐந்து ஆங்கில எழுத்துள்ள சொல்லைப் போட்டாலும் வரும். சி அதை அனுமதிக்கிறது, நல் பைட்டுக்கு இடமில்லாததால் விட்டுவிடுகிறது. சிபிளஸ்பிளஸ் அதைப் பிழை என்று நிறுத்திவிடும். ஃபைலிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ ரீட், ரிசீவ் மூலம் வந்த பைட்டுகளும் அப்படியே. யாரும் 0 வைத்து அனுப்புவதில்லை. அவை தரும் எண்ணிக்கைதான் நீளம், ஸ்டர்லென் அங்கே வரவே கூடாது.

முடிவு இருக்கிறதா என்று உறுதியில்லாத இடத்தில் ஸ்டர்என்லென் பயன்படுத்துங்கள். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பாசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பில் வந்தது; லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் கிடைக்கிறது. பாயின்டரோடு வரம்பையும் கேட்கும், அந்த வரம்புக்கு மேல் ஒரு அடியும் நடக்காது. விடை வரம்புக்குச் சமமாக வந்தால், உள்ளே நல் பைட் இல்லை என்று பொருள். நகலெடுக்க ஸ்டர்எல்காப்பி நல்லது. ஓப்பன்பிஎஸ்டி 1998-லேயே கொண்டுவந்ததை, ஜிலிப்சி 2023-இல் 2.38 பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. ஆனால் மூல ஸ்ட்ரிங் முடிவில்லாதது என்றால் அதுவும் காப்பாற்றாது. அதன் நீளத்தைச் சொல்வதற்காக அது மூலத்தை முழுக்க நடந்து பார்க்கிறது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு, நல் பைட் முன்கூட்டியே வருவது. யூடிஎஃப்-16 முறையில் வந்த ஆங்கில உரையை ஸ்டர்லென்னிடம் கொடுத்தால் பெரும்பாலும் விடை 1. ஒவ்வொரு ஆங்கில எழுத்தின் பக்கத்திலும் ஒரு 0 பைட் இருப்பதுதான் காரணம். இதைவிடக் கனமான உதாரணம் 2009-இல் வெளிவந்தது. இணையதளச் சான்றிதழ்களில் பெயர்ப் புலத்துக்கு நீளம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும், அதனால் பெயரின் நடுவே 0 பைட் இருக்கலாம். ஒரு வங்கியின் முகவரி, பிறகு ஒரு 0, பிறகு தன் சொந்த டொமைன் என்று எழுதி ஒருவர் சான்றிதழ் கேட்டால், வழங்குபவர் கடைசிப் பகுதியைப் பார்த்து இவருடைய டொமைன்தான் என்று கொடுத்துவிடுவார். சி-யில் எழுதப்பட்ட பிரவுசரோ 0 வரை மட்டும் படித்து, வங்கியின் சான்றிதழ் என்று நம்பிவிடும். ஒரே பைட்டுகளுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக நீளம் அளந்ததால் வந்த பாதுகாப்பு ஓட்டை அது. நீளம் தனியாகத் தரப்பட்டிருந்தால், அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டர்லென் தரும் எண்ணின் டைப்பையும் பார்க்க வேண்டும். அது இன்ட் அல்ல, சைஸ்-டி. குறியற்ற எண், பூஜ்யத்துக்குக் கீழே போகத் தெரியாது. காலி ஸ்ட்ரிங்கின் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 64 பிட் கணினியில் 18446744073709551615 வரும். "கடைசிக்கு முந்தியது வரை போ" என்று எழுதிய லூப், காலி ஸ்ட்ரிங் வந்த அன்று மெமரி முழுக்க ஓடப் பார்க்கும். இரண்டு ஸ்ட்ரிங்குகளின் நீளங்களைக் கழித்து, விடை பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று கேட்பதும் இதே தப்பு. இரண்டும் சமமாக இல்லாத எல்லா நேரமும் ஆம் என்றே வரும். கழிக்காமல் நேரடியாக ஒப்பிடுங்கள். ஒன்றைக் கழிப்பதற்குப் பதில் மறுபக்கம் ஒன்றைக் கூட்டி எழுதுங்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டர்லென் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நடக்கிறது. முந்திய விடையை எங்கும் நினைவில் வைப்பதில்லை. லூப்பின் நிபந்தனையில் அதை எழுதினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழு நடை. ஒரு லட்சம் பைட் ஸ்ட்ரிங்குக்கு 1000 கோடி பைட் படிக்க நேரும். லூப்புக்குள் அந்த ஸ்ட்ரிங்கை மாற்றவில்லை என்று கம்பைலருக்கு உறுதியாகத் தெரிந்தால் அதுவே அழைப்பை வெளியே எடுத்துவிடும். நீங்கள் உள்ளே ஏதாவது எழுதினால் அந்த உறுதி போய்விடும். நீளத்தை லூப்புக்கு முன் ஒரு வேரியபிளில் வாங்கிக்கொள்வது நல்லது.

நாம் அழைக்காமலே ஸ்டர்லென் நடக்கும் இடங்களும் உண்டு. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் விளையாட்டு திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது என்று பல ஆண்டுகள் புலம்பல் இருந்தது. 2021-இல் வெளியாள் ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்தார். சுமார் 10 எம்பி ஜேசன் உரையில் ஒவ்வொரு மதிப்பையும் எஸ்ஸ்கேன்எஃப் கொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். அது ஒவ்வொரு சிறு மதிப்பைப் படிக்கும் முன்னும், அந்த இடத்திலிருந்து உரையின் கடைசிவரை ஸ்டர்லென் போட்டு அளந்துகொண்டிருந்தது. தாமதத்துக்கான இரண்டு காரணங்களில் இது ஒன்று. இரண்டையும் சரிசெய்ததும் திறக்கும் நேரம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது.

எஃப்கெட்ஸ் பற்றி ஒரு சொல். அது வரியின் முடிவையும் சேர்த்தே தரும், அதனால் நீளம் ஒன்று கூடுதலாக வரும். விண்டோஸில் எழுதிய ஃபைலை லினக்ஸில் படித்தால் இரண்டு. ஸ்டர்சிஸ்பேன் கொண்டு முதல் வரிமுடிவுக் குறி எங்கே என்று கேட்டு அங்கே 0 வையுங்கள். குறி இல்லாவிட்டாலும் அது பத்திரமாகக் கடைசியைக் காட்டும்.

இப்போது அந்த 3. தமிழில் எழுதுபவர்களுக்கு உண்மையில் முக்கியமானது இதுதான், பாடப்புத்தகங்கள் தொடாமல் விடுவதும் இதுதான். யூடிஎஃப்-8 முறையை 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தபோது, நல் பைட்டைத் தவிர வேறு எந்த எழுத்துக்குள்ளும் 0 வராதபடி பார்த்துக்கொண்டார்கள். அதனால் ஸ்டர்லென் தமிழிலும் பிசகாமல் வேலை செய்கிறது, எண்ணுவது பைட்டுகளை. மெமரிக்கு இடம் வாங்க, நகலெடுக்க, ஃபைலில் எழுத உங்களுக்கு வேண்டியது அதுவே. எழுத்து எண்ணிக்கையைக் கொடுத்து மாலாக் அழைத்தால் பேரிழப்பு.

யூனிகோடு குறிகளை எண்ணுவது எளிது. ஒரு எழுத்தின் இரண்டாவது, மூன்றாவது பைட்டுகள் எப்போதும் 128 முதல் 191 வரைதான் இருக்கும். முதல் பைட் அந்த எல்லைக்குள் வரவே வராது. ஆகவே அந்த எல்லைக்குள் இல்லாத பைட்டுகளை மட்டும் எண்ணினால் போதும். மேலே அச்சிட்ட பட்டியலில் 224 ஐந்து முறை இருக்கிறது, குறிகள் 5. நாம் பார்ப்பதோ 3 எழுத்து. இகரக் குறியும் புள்ளியும் தனி எழுத்துகள் அல்ல, முந்தியதோடு சேர்பவை. அவற்றை விலக்க, யூனிகோடில் 3006 முதல் 3021 வரை உள்ள எண்களையும் 3031-ஐயும் எண்ணாமல் விடுங்கள். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அங்கேதான் இருக்கின்றன. த, மி, ழ் என 3 வந்துவிடும். இந்தச் சிறு விதி தமிழுக்குப் பெரும்பாலும் போதும். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவற்றை இரண்டாக எண்ணும். அவை ஒன்றா இரண்டா என்று நீங்கள்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். எல்லா மொழிகளுக்கும் வேண்டுமென்றால் யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு நூலகத்தைப் பயன்படுத்துங்கள், சொந்தமாக எழுத முயல வேண்டாம்.

ஒரே தோற்றத்துக்கு இரண்டு நீளங்கள் வரும் விசித்திரமும் தமிழில் உண்டு. 'கோ' என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகச் சேமிக்கலாம், 6 பைட். ககரத்தின் பின் இரட்டைக் கொம்பு, பிறகு கால் என்று பிரித்தும் சேமிக்கலாம், 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் முன், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

நீளத்துக்கு வரம்பு வைத்து வெட்டும்போது இது வலிக்கும். 'தமிழ்' என்பதைப் பத்து பைட்டில் வெட்டினால் 'தமி' முழுதாக வரும், அதன் பின் ழகரத்தின் முதல் பைட் மட்டும் உடைந்து நிற்கும். திரையில் கேள்விக்குறி போட்ட கட்டமாகத் தெரியும். வெட்டும் இடத்துப் பைட் 128-க்கும் 191-க்கும் இடையில் இருந்தால் ஒவ்வொன்றாகப் பின்வாங்கினால் உடையாது. அதுவும் போதாது. பன்னிரண்டில் வெட்டினால் எதுவும் உடையாது, ஆனால் 'தமிழ்' 'தமிழ' ஆகிவிடும். ஒருவர் பெயரின் புள்ளி போய்விட்டால் அது அவர் பெயரே அல்ல. வெட்டும் இடத்தில் தொடங்குவது சேர்குறி என்றால் இன்னும் ஒரு எழுத்து பின்வாங்குங்கள். பிரிண்ட்எஃப்பில் அகலம் 20 என்று கொடுத்தாலும் அது பைட்டுகளையே எண்ணும். 15 பைட்டுக்கு ஐந்து இடைவெளிதான் சேர்க்கும், பத்திகள் நேராக நிற்காது. அந்த இடைவெளியை நீங்களே கணக்கிட்டுப் போடுவதே நல்லது.

பல மதிப்புகளைச் சேர்த்து ஒரு ஸ்ட்ரிங் கட்ட வேண்டும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரியவில்லை என்றால், எஸ்என்பிரிண்ட்எஃப்பிடம் பஃபருக்கு நல் (எதையும் சுட்டாத பாயின்டர்), அளவுக்கு 0 கொடுத்து அழையுங்கள். எதையும் எழுதாமல், எழுதியிருந்தால் எத்தனை பைட் ஆகியிருக்கும் என்று மட்டும் சொல்லும். சி99 தரம் இதை உறுதி செய்கிறது. விடை குறை எண்ணாக இல்லை என்று பார்த்துவிட்டு, அதோடு ஒன்றைக் கூட்டி மாலாக் அழைத்து, மறுபடி உண்மையாக எழுதுங்கள். கையால் நீளங்களைக் கூட்டிப்பார்ப்பதைவிட இது எவ்வளவோ நம்பகம்.

உங்கள் ஃபங்ஷனுக்குத் திரும்புவோம். இரண்டு பாராமீட்டர் வையுங்கள்: ஸ்ட்ரிங்கின் பாயின்டர், சைஸ்-டி டைப்பில் கொள்ளளவு. மெயினிலிருந்து அழைக்கும்போது, அரே இன்னும் அரேயாகவே இருக்கும் அந்த இடத்தில் சைஸ்ஆஃப் எடுத்து 16-ஐ அனுப்புங்கள். உள்ளே நுழைந்ததும் பாயின்டர் நல் இல்லை என்று பாருங்கள். நல் பாயின்டரில் ஸ்டர்லென் அழைத்தால் பெரும்பாலும் அங்கேயே விழும். பிறகு அந்த 16-ஐ வரம்பாகக் கொடுத்து ஸ்டர்என்லென் அழையுங்கள். 16 வந்தால் ஸ்ட்ரிங் முடிவில்லாதது, பிழை என்று திருப்பி அனுப்புங்கள். 15 வந்தால் அதை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, ஃபங்ஷன் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். நகல் வேண்டுமென்றால் ஒன்றைக் கூட்டி இடம் வாங்கி, மெம்காப்பியில் 16 பைட்டையும் எடுங்கள். திரைக்கு எழுத்து எண்ணிக்கை வேண்டுமென்றால் மட்டும், அந்த 15 பைட்டுக்குள் சேர்குறிகளை விட்டுவிட்டு எண்ணி 3-ஐத் தாருங்கள். 'தமிழரசன்', 'மணிமேகலை', ஒரு காலி ஸ்ட்ரிங், நல் பைட் இல்லாத ஒரு அரே, இந்த நான்கையும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டிப் பாருங்கள்.